ஓடினால் போதுமா?

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில், மாடிப்படிக்கு அடியில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. உள்ளே ஒருவர் உட்காரலாம். வாடிக்கையாளர் பிளாட்பாரத்தில்தான் நிற்க வேண்டும். அப்பாவின் எச்.எம்.டி. ஜனதாவை அங்கே கொண்டுபோனேன். ஆறு வருஷமாக அலமாரியில் கிடந்த வாட்ச். சாவி கொடுத்தால் பத்து நிமிஷம் ஓடும், நின்றுவிடும், தட்டினால் மறுபடி ஓடும். பாய் (அந்தப் பக்கத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) அதைக் காதருகே வைத்துக் கேட்டார், கண்ணாடியை நகத்தால் ஒரு முறை சுரண்டிப் பார்த்தார், பின்மூடியில் கைவைக்கும் முன் என்னைக் கேட்டார்: "சார், ஓடினா போதுமா, புதுசாத் தெரியணுமா?"

கூலியைத் தீர்மானிக்கக் கேட்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். பழைய கைக்கடிகாரங்களைப் பற்றிச் சில வருஷம் படித்தும், திறந்து பார்த்தும், ஒன்றைக் கெடுக்கக் கொடுத்தும் ஆன பிறகு, இந்தத் துறையின் சண்டைகள் எல்லாமே அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிக் கிடப்பது தெரிகிறது. தேய்ந்ததை மாற்றுவதா, செப்பனிடுவதா, அப்படியே விட்டுவிடுவதா? ஏலக்கூடத்துக்கு ஒரு பதில், பாண்டி பஜாருக்கு ஒரு பதில், தாத்தாவின் வாட்ச்சைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பேரனுக்கு ஒரு பதில். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளே தேய்வதைத் தயங்காமல் மாற்றலாம், வெளியே தெரிவதில் முடிந்த மட்டும் கைவைக்கக் கூடாது. நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு.

தென்சென்னை வீட்டு அலமாரிகளில் கிடக்கும் வாட்ச்களை வைத்தே அந்தக் குடும்பத்தின் கதையை ஓரளவு சொல்லிவிடலாம். சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் உத்தியோகத்தில் இருந்தவர்கள் வீட்டில் வெஸ்ட் எண்ட், ரோமர், ஃபேவர் லூபா. இதில் ஃபேவர் லூபா 1865-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்ட சுவிஸ் கம்பெனி. வாங்கிய இடத்தைக் கேட்டால் பல வீடுகளில் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் என்பார்கள். பீட்டர் ஆர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1840-களில் சென்னையில் வேர்விட்டு வளர்த்த கடை அது. பிறகு அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது, இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் செய்யத் தொடங்கியது. அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மாப்பிள்ளை கையில் ஏறியதும், பத்தாம் வகுப்பில் தேறிய பிள்ளைக்குக் கிடைத்ததும், ஓய்வு பெறும் நாளில் மாலையோடு வந்ததும் அநேகமாக எச்.எம்.டி.தான். வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போன ஆள் இருந்த வீட்டில் மட்டும் ஒரு சீகோ 5 இருக்கும். 1984-இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்களை அனுப்ப ஆரம்பித்ததும் சாவி கொடுக்கும் பழக்கம் வீட்டுக்கு வீடு விட்டுப்போயிற்று. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இன்று ரிப்பேருக்கு வரும் சாவி வாட்ச்களில் பலவற்றுக்குப் பின்னால் ஆலை இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

பாய் பின்மூடியைத் திறந்தார். ஏறக்குறைய ஓர் அங்குலப் பித்தளைத் தட்டில் ஊதாச் சிவப்பில் மினுக்கும் கற்கள். 17 கல் வாட்ச் என்று அந்தக் காலத்தில் பெருமையாகச் சொல்வார்களே, அந்தக் கல். செயற்கை மாணிக்கம், அழகுக்காக வைத்ததில்லை. சக்கரங்களின் அச்சு முனை இரும்பு. அது பித்தளையில் உரசினால் பித்தளை தேயும், கல்லில் உரசினால் வழுக்கிக்கொண்டு போகும். பேலன்ஸ் சக்கரம் ஒரு வினாடிக்கு ஐந்து தடவை ஆடுகிறது. ஒரு மணிக்கு 18,000. நாளைக்கு 4,32,000. நிற்காமல் ஓடினால் வருஷத்துக்கு ஏறக்குறைய 15 கோடியே 76 லட்சம். அந்தச் சக்கரத்தின் முனை கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, தலைமுடி அளவு. இவ்வளவு ஆட்டத்தையும் தாங்குவது ஊசி முனையில் தொட்டு வைத்த எண்ணெய்த் துளி.

பழைய வாட்ச்சில் முதலில் சாவது அந்த எண்ணெய்தான். காய்ந்து பிசினாகும், அல்லது வழிந்து போகும். பாய் இடுக்கியால் ஒரு சக்கரத்தின் அடியைக் காட்டினார். கல்லைச் சுற்றிக் காபி டிகாக்‌ஷன் காய்ந்த மாதிரி பழுப்பு வளையம். "இது நின்னதே நல்லது சார். ஓடியிருந்தா அச்சைத் தின்னுருக்கும்." இங்கேதான் 'ஓடினால் போதும்' என்கிற கட்சி ஆட்டம் காண்கிறது. எண்ணெய் காய்ந்த வாட்ச் ஓடுவது, ஆயில் இல்லாத எஞ்சினோடு பைக் ஓட்டுவது போல. நேரம் சரியாகவே காட்டலாம். உள்ளே அச்சில் கோடு விழும். கல் பதிக்காத இடங்களில் துளை நீள்வட்டமாகும். எண்ணெய் போட்டு அதைத் திருப்ப முடியாது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை முழுக்கப் பிரித்து, கழுவி, துளித்துளியாக எண்ணெய் வைப்பது என்கிற பழைய விதி இதற்காகத்தான்.

அப்படிப் பிரிக்கும்போது மாற்ற வேண்டியதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மெயின் ஸ்பிரிங் முதல் ஆள். அதை விரித்தால் ஏறக்குறைய ஓர் அடி நீளத்துக்கு வரும் பட்டை. பழைய வாட்ச்களில் அது நீலம் ஏற்றிய கார்பன் எஃகு. வருஷக்கணக்கில் சுருண்டே கிடந்து முறுக்கை இழந்துவிடும், நம் ஊர் ஈரத்தில் துருப்பிடித்து உடையும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் துருப்பிடிக்காத வெள்ளை உலோகக் கலவை ஸ்பிரிங்குகள் வந்துவிட்டன. அளவு பொருந்தினால் புதியதைப் போடுவதுதான் நியாயம். பழையதை வைத்துக்கொண்டு 'ஒரிஜினல்' என்று மார்தட்டிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. மயிலாப்பூரில் வீணை வைத்திருக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். மெட்டுகள் பதிந்திருக்கும் மெழுகு இளகி சுருதி பிசகினால் பழைய மெழுகை வழித்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டுவார்கள். அதனால் பாட்டியின் வீணை வேறு வீணை ஆகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

பேலன்ஸ் அச்சு கொஞ்சம் சிக்கலானது. கீழே விழுந்தால் முதலில் முறிவது அதுதான். முறியாமல் காக்கத்தான் கல்லை ஸ்பிரிங்கில் மிதக்கவிடும் ஏற்பாடு வந்தது. சுவிஸ் வாட்ச்களில் இன்காப்ளாக், சிட்டிசன் வழியாக எச்.எம்.டி.க்கு வந்தது பாராஷாக். ஜனதாவின் டயலில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஏற்பாடு இல்லாத பழைய சுவிஸ் வாட்ச் என்றால் அச்சை லேத்தில் கடைந்து, பேலன்ஸ் சக்கரத்தில் அடித்துப் பொருத்த வேண்டும். அதைச் செய்யும் கை இன்று அபூர்வம். எச்.எம்.டி.யில் அந்தக் கவலை குறைவு. ஜனதாவுக்குள்ளும் பைலட்டுக்குள்ளும் ஒரே குடும்பத்து இயந்திரம். ஒன்றின் சக்கரம் இன்னொன்றில் உட்காரும். அதனால் பாயின் மேசைக்குக் கீழே மாம்பழ டப்பாவில் செத்துப்போன எச்.எம்.டி.கள் குவிந்திருக்கின்றன. மூன்று வாட்ச்சைக் கொன்று ஒன்றை எழுப்புவார்.

வெளிநாட்டு வாட்ச்சுக்கு இந்த வசதி குறைந்துகொண்டே வருகிறது. ஏராளமான சுவிஸ் இயந்திரங்களுக்குத் தாய்வீடான ஸ்வாட்ச் குழுமம், 2015 முடிவோடு மொத்த வியாபாரிகளுக்கு ஸ்பேர் தருவதை நிறுத்தியது. தனிக் கடை வைத்திருக்கும் ரிப்பேர்காரர்கள் உலகம் முழுக்க இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். கச்சேரி ரோடு பாய்க்கு அதெல்லாம் செய்தி இல்லை. அவருக்குக் கம்பெனி ஸ்பேர் என்றைக்கும் வந்ததில்லை. அவருடைய சப்ளையர் மாம்பழ டப்பாதான்.

இனி வெளிப்பக்கம். இங்கே சென்னைக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. கடற்காற்று, வருஷத்தில் பத்து மாதம் வியர்வை. பழைய வாட்ச் கேஸ்களில் பாதிக்குப் பாதி, பித்தளைமேல் குரோம் பூசியவை. பின்மூடி மட்டும் ஸ்டீல். வியர்வை உப்பு குரோமுக்கு அடியில் புகுந்து பித்தளையை அரிக்கும். பட்டை மாட்டும் கொம்புகளுக்கு உள்பக்கம் பாருங்கள், அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கும். அடையாறில், அதுவும் பெசன்ட் நகர்ப் பக்கம் கடலைப் பார்த்த வீட்டில் கிடந்த வாட்ச்சை, சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவேன் என்று பாய் சொல்கிறார். கொஞ்சம் அதிகப்படிதான், ஆனாலும் நம்பத் தோன்றுகிறது.

தண்ணீர் நுழையும் வழி பெரும்பாலும் சாவிதான். சாவிக் குமிழுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் இறுகிக் கல்லாகிவிட்டால், தண்டின் வழியே ஈரம் உள்ளே போகும். தண்டு துருப்பிடிக்கும், துருத்தூள் உதிரும், டயலில் 3 மணிப் பக்கம் மட்டும் ஒரு பழுப்புக் கறை பரவும். பழைய டயல்களில் கறை அநேகமாக 3-ஐ ஒட்டியே இருப்பதற்கு இதுவே காரணம். வாஷரை மாற்றச் செலவு சொற்பம். மாற்றாதவர்கள் பின்னால் டயலுக்கு அழுகிறார்கள். பின்மூடியில் வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருப்பதை, பழைய வாட்ச்சைப் பொறுத்தவரை, காலாவதியான மருந்தின் லேபிளாகத்தான் படிக்க வேண்டும்.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரையைத் தாண்டியபோது கோட்டூர்புரத்தில் என் நண்பரின் தரைத்தள வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டு மூன்று நாள் சேற்றில் இருந்தது. அதில் அவர் மாமனார் கல்யாணத்துக்குப் போட்ட எச்.எம்.டி. காஞ்சன். பத்திரங்களையும் போட்டோக்களையும் காயவைத்து முடித்து, வாட்ச் ஞாபகம் வந்தபோது இரண்டு வாரம் ஆகியிருந்தது. அரிசி டப்பாவில் புதைத்து வைத்தார்கள். திறந்தபோது இரும்புப் பாகங்கள் எல்லாம் ஒரே செங்கல் நிறக் கட்டி. திருகைக் கழற்றினால் தலை தனியாக வந்தது. அன்றே திறந்து பிரித்துக் கழுவியிருந்தால் முக்கால்வாசியைக் காப்பாற்றியிருக்கலாம். நனைந்த வாட்ச்சுக்கு மணிக்கணக்குதான், வாரக்கணக்கு கிடையாது. கடைசியில் அதே கேஸுக்கும் டயலுக்கும் அடியில் வேறொரு எச்.எம்.டி.யின் முழு இயந்திரத்தைப் பொருத்தினார்கள். அது மாமனார் போட்ட வாட்ச்தானா என்று நண்பரின் மனைவியிடம் கேட்டேன். "எங்க அப்பா உள்ளே இருக்கறதையா பாத்து வாங்கினார்?" என்றார். இந்த விஷயத்தில் அதைவிடத் தெளிவான வாதத்தை நான் படித்ததில்லை.

கண்ணாடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழையவை பெரும்பாலும் அக்ரிலிக். கீறல் என்றால் பாலிஷ் போட்டால் போகும், அவசரத்துக்குப் பற்பசையே போதும். விரிசல் என்றால் மாற்றிவிட வேண்டும். அளவைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் சுத்தமாகப் பார்த்துப் போடுகிறாரா என்பது மட்டுமே கேள்வி. மாற்றும்போது பழைய மாதிரியே மேடுகட்டிய அக்ரிலிக்கைக் கேட்டு வாங்குங்கள். தட்டையான மினரல் கண்ணாடியைப் போட்டால் வாட்ச் முகம் செத்துவிடும்.

டயலுக்கு வருவோம். கட்டுரையே இதற்காகத்தான்.

டயல் என்பது மெல்லிய பித்தளைத் தகடு. அதன்மேல் வெள்ளிப் பூச்சோ பெயின்டோ, அதன்மேல் எழுத்து, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ். ஈரம் பட்டால் வார்னிஷ் வெடிக்கும், அடியில் களிம்பு ஏறும், வெள்ளை மஞ்சளாகும், மஞ்சள் தேன்நிறமாகும். இதைத் துடைத்துச் சுத்தம் செய்யலாம் என்று தோன்றும். ஈரப் பஞ்சால் ஒரு இழுப்பு. பஞ்சோடு கம்பெனி பெயரும் வந்துவிடும். கை வைக்காமல் விடுவதே பெரும்பாலும் நல்ல சிகிச்சை. மீறினால் காற்றடித்துத் தூசியைப் போக்கலாம், அவ்வளவுதான்.

என் பெரியப்பாவின் ஃபேவர் லூபாவுக்கு அந்தச் சிகிச்சையை நான் கொடுக்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன், இதெல்லாம் தெரிவதற்கு முன்னால், தி. நகரில் ஒரு கடையில் 'சர்வீஸ் பண்ணிக் கொடுங்க' என்று நீட்டிவிட்டு வந்தேன். அது தயிர்நிற டயல், 3 மணி ஓரத்தில் மட்டும் கறை. திரும்பி வந்தபோது டயல் மயில் நீலத்தில் ஜொலித்தது. எழுத்து தடித்திருந்தது. நிமிஷக் கோடுகள் 12-க்கு நேராகத் தொடங்காமல் அரைக்கோடு நகர்ந்திருந்தன. 'சுவிஸ் மேட்' என்பது கீழ் விளிம்பில் காணவே இல்லை. பழைய டயல் எங்கே என்று கேட்டேன். அதே தகடுதான், அதைச் சுரண்டித்தான் புதிதாகப் போட்டோம் என்றார்கள், பெருமையாகவே. பின்மூடியும் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதில் பெரியப்பா ஓய்வு பெற்ற நாளில் ஆபீஸ்காரர்கள் அவர் பெயரையும் 1974 என்கிற வருஷத்தையும் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். பாலிஷ் சக்கரத்தில் எழுத்துகள் கரைந்து, சாய்த்துப் பிடித்தால் மட்டும் 4 தெரிகிறது. இத்தனைக்கும் உள்ளே எண்ணெய்கூட மாற்றியிருக்கவில்லை. மூன்று மாதத்தில் நின்றுவிட்டது.

அந்தக் கடைமீது இப்போது எனக்குக் கோபம் அவ்வளவாக இல்லை. அவர்கள் என் கண்ணுக்குத் தெரிவதைச் செய்தார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து நூறு சொச்சம் பாகங்களைக் கழுவி எண்ணெய் வைத்தால் வாடிக்கையாளர் கையில் பழைய வாட்ச்தான் திரும்ப வருகிறது, 'என்னப்பா பண்ணினே?' என்பார். டயலை மாற்றிக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் காசு கொடுப்பார். நம் ஊர் வாட்ச் பழுதுபார்ப்பு தலைகீழானதற்கு ரிப்பேர்காரரைவிட, கண்ணை மட்டும் நம்பிக் காசு கொடுத்த நாம்தான் அதிகப் பொறுப்பு.

மறுவண்ணம் பூசும் இந்தத் தொழில் மும்பையில் பெரிதாகவே வளர்ந்திருக்கிறது. ஆரஞ்சு, பச்சை, ரோஜா நிறத்தில் எச்.எம்.டி. பைலட் கிடைக்கிறது, ஆலை போட்ட பைலட்டில் நாம் அறிந்தது கறுப்பு டயல். ஜனதாவின் இயந்திரமும் பைலட்டின் இயந்திரமும் ஒன்று என்று சொன்னேனே, அதனால் ஒரு டயலைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டினால் பைலட் 'பிறந்து'விடும். உலகச் சேகரிப்பாளர்கள் மத்தியில் 'இந்தியாவிலிருந்து வரும் வாட்ச்' என்றாலே முகம் சுளிக்கும் நிலை இதனால் வந்தது. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பூதக்கண்ணாடி வைத்து எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். ஆலை அச்சு கத்தி மாதிரி இருக்கும், மறுவண்ணம் மை ஊறிய மாதிரி இருக்கும். நிமிஷக் கோடும் மணிக் குறியும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா பாருங்கள். ஐம்பது வருஷக் கேஸுக்குள் நேற்றுப் பிறந்த டயல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் மறுவண்ணத்தைச் சேகரிப்பாளர்கள் திட்டுவதை முழுக்க ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கவலை பெரும்பாலும் விலை. எழுத்தே தெரியாமல் களிம்பேறி, மணி பார்க்க முடியாத டயல் என்றால் என்ன செய்வது? வாட்ச் மணி பார்ப்பதற்குத்தானே. எச்.எம்.டி.யாக இருந்தால் செத்த வாட்ச்சிலிருந்து அதே மாதிரியில் இன்னொரு ஆலை டயலைத் தேடிப் போடலாம். இது முதல் வழி. அது கிடைக்காவிட்டால், பழைய நிறத்திலேயே, பழைய எழுத்திலேயே மறுவண்ணம் போடலாம். ஆனால் பழைய தகட்டைச் சுரண்டாமல் வேறு தகட்டில் போடச் சொல்லி, கழற்றியதை ஒரு உறையில் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். விற்கும்போது மாற்றியதைச் சொல்லிவிட வேண்டும். செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதுதான் அருங்காட்சியகங்களில் பழம்பொருளைப் பராமரிப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. அது வீட்டு அலமாரிக்கும் பொருந்தும்.

முள்ளில் ஒரு எச்சரிக்கை. இருட்டில் ஒளிரும் எதையும் நாம் 'ரேடியம்' என்போம், ஆட்டோ பின்னால் ஒட்டும் ஸ்டிக்கர் உட்பட. பழைய வாட்ச் முள்ளிலும் எண்களிலும் இருப்பது பல சமயம் அசல் ரேடியமே. 1960-கள் வரை அதைத்தான் பூசினார்கள். அமெரிக்காவில் 1920-களில் தூரிகையை உதட்டில் கூர்தீட்டி டயலில் ரேடியம் எழுதிய இளம்பெண்கள் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். ஒளிர்வது நின்றுவிட்டால் ரேடியமும் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. ரேடியத்தோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு களைத்துப்போனதால்தான் ஒளி நின்றது; ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருஷம். கண்ணாடி மூடிய வாட்ச்சைக் கட்டிக்கொள்வதால் பெரிய ஆபத்து இல்லை. திறந்து, பழுப்பேறிய அந்தப் பூச்சைச் சுரண்டி, தூளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. பிறகு வந்த டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 வருஷம் சொச்சம். இன்றைய பூச்சுகளில் கதிரியக்கமே இல்லை. 'முள் ஒளிரலியே, புதுசா ரேடியம் பூசுங்க' என்று கேட்பவர்கள், அந்த மேசையில் நாள் முழுக்கக் குனிந்திருப்பவரின் நுரையீரலையும் யோசிக்க வேண்டும்.

கேஸ் விஷயத்தில் தி. நகருக்கு ஒரு வசதி. கவரிங் நகைக்கு முலாம் போடும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. குரோமோ தங்கமோ பூசித் தந்துவிடுவார்கள். ஆனால் குழி விழுந்த பித்தளைமேல் முலாம் நிற்காது; முதலில் குழி மறையும் வரை தேய்க்க வேண்டும், தேய்த்தால் விளிம்பின் கூர்மை போகும், பின்மூடியில் இருப்பது அழியும். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசுவார்கள், வெளியே பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும். எத்தனை முறை ஈயம் பூசினாலும் அந்தப் பெயரை யாரும் தேய்த்து எடுத்ததில்லை. வாட்ச்சில் மட்டும் ஏன் எடுக்கிறோம் என்று புரியவில்லை. 2017 அக்டோபரில் நியூயார்க்கில் நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதன் பின்மூடியில், பத்திரமாக வண்டி ஓட்டு என்று அவர் மனைவி வெட்டிக் கொடுத்த வார்த்தைகள் அப்படியே இருந்தன. பெரியப்பாவின் 1974-க்கு ஏலக்கூடத்தில் மதிப்பில்லைதான். ஆனால் எனக்கு அந்த வாட்ச்சில் வேண்டியிருந்தது அந்த ஒரு வரி.

குவார்ட்ஸ் வாட்ச்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்; முதல் தலைமுறை டைட்டன்களுக்கே நாற்பது வயது ஆகப்போகிறது. அதில் சர்க்யூட்டோ காயிலோ போனால் அதைச் செப்பனிடுவார் இல்லை. முழு இயந்திரத்தையும் எடுத்துவிட்டு அதே அளவில் வேறொன்றைப் போடுவார்கள். இதில் எனக்கு மனத்தடை இல்லை. செத்த செல்லை உள்ளேயே விட்டு வைத்தால் அது கசிந்து டயலின் அடிப்பக்கத்தைத் தின்னும். கட்டாத வாட்ச் என்றால் செல்லை எடுத்து வைத்துவிடுங்கள்.

இந்த வேலையெல்லாம் இன்னும் எத்தனை நாள் ஊருக்குள் நடக்கும் என்று தெரியவில்லை. பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் பட்டையும் செல்லும் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் 2013-இல் மற்ற நடைபாதை வியாபாரிகளோடு மாடிக் கட்டடத்துக்குப் போனார்கள்; 2019-இல் நடைபாதை வளாகம் வந்தது. லஸ்ஸில் மெட்ரோவுக்காகத் தோண்டியதில் நடந்துபோகிற ஆள் குறைந்துவிட்டதாகப் பாய் சொல்கிறார். ஆலை மூடிய பிறகு எச்.எம்.டி. மேல் பிரியம் கூடியிருப்பதால் இளைஞர்கள் வருகிறார்கள். சிலர் போன் செயலியை வாட்ச் பக்கத்தில் வைத்து, டிக் சத்தத்தை அளந்து, நாளைக்கு எத்தனை வினாடி பிந்துகிறது என்று அவருக்கே சொல்கிறார்கள். அவருக்கு இதில் எரிச்சலும் சந்தோஷமும் சம அளவில்.

என் அப்பாவின் ஜனதா தயாரானது என்று போன் வந்து போனபோது, அடையாறு எல்.பி. ரோட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி எனக்கு முன்னால் நின்றார். அவர் கையில் அப்பாவின் சீகோ 5. பல வருஷம் மஸ்கட்டில் இருந்தவராம். கிழமை அரபியில் வருகிறது, படிக்க முடியவில்லை, அந்தச் சக்கரத்தை மாற்றி இங்கிலீஷில் போட முடியுமா என்று கேட்டார்.

"மாத்த வேணாம்மா. ரெண்டும் ஒரே சக்கரத்துலதான் இருக்கு." பாய் சாவியை ஒரு கிளிக் இழுத்து மெல்லத் திருகினார். அரபி எழுத்து கீழே நழுவி, அடுத்து இங்கிலீஷில் அதே கிழமை வந்து நின்றது. அவர் குனிந்து பார்த்தார். பாய் இன்னும் ஒரு முறை திருக, மறுபடி அரபி.

"அப்பா எதுல வச்சிருந்தார் பாய்?"

"வரும்போது இதுலதாம்மா இருந்துச்சு."

அவர் கொஞ்ச நேரம் யோசித்து, சரி, அப்படியே இருக்கட்டும், வேறென்ன செய்யணுமோ செய்யுங்க என்றார். பாய் ஒரு பிளாஸ்டிக் உறையில் வாட்ச்சைப் போட்டு, சீட்டில் பால்பாயின்ட் பேனாவால் எழுதினார்: ஆயில், வாஷர், கண்ணாடி. கீழே அடிக்கோடிட்டு: டயல் தொட வேண்டாம். பிறகு என் ஜனதாவை எடுத்து நீட்டினார். கறை 3 மணிப் பக்கம் அப்படியே இருந்தது. "அறுநூறு ரூபா சார். வெளிய ஒண்ணும் பண்ணல."